பிள்ளைகளுக்குக் கிளிப், ஹேர்பேண்ட் செய்து விற்பவர்களே, உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

ரிப்பன்பெட்டி, பட்டர்வொர்த்:

ஆறு வருடமாக வீட்டிலிருந்தே ரிப்பன் பூ, கிளிப், கைக்குழந்தை ஹேர்பேண்ட் எல்லாம் செய்து விற்கிறேன். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுன் போய், லெபோ பாசாரில் தெரிந்தவர் துணிக்கடை வாசலில் ஒரு மேசை போட்டுக்கொள்வேன். நன்றாகவே போகும்.

போன வருடம் ஒரு அம்மா போன் செய்தார். என்னிடம் வாங்கிய ஹேர்பேண்டை மத்தியானம் முழுக்கக் காடியின் (காரின்) பின்சீட்டில் விட்டுவிட்டு, சாயங்காலம் எடுத்துப் பிள்ளைக்குப் போட்டிருக்கிறார். பத்து மாதக் குழந்தை. கொஞ்ச நேரத்தில் எதையோ மெல்லுகிற மாதிரி வாய் அசைந்திருக்கிறது. விரலை விட்டு எடுத்தால், பூவின் நடுவில் நான் ஒட்டியிருந்த முத்து. "அக்கா, உங்களைத் திட்டறதுக்குக் கூப்பிடல. சொல்லணும்னு தோணுச்சு" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

காரணம் குளூ கன் பசைதான். சூட்டில் உருக்கி ஒட்டுகிற பசை, சூடு பட்டால் திரும்பவும் இளகும். நம் ஊர் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காடிக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் இழுத்துப் பார்த்தபோது கல் மாதிரி நின்ற முத்து, அங்கே போய் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

அப்புறம்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் ஆபத்தான விளையாட்டுச் சாமான்களைப் பற்றி எச்சரிப்பதைக் கேட்டு வளர்ந்தவள் நான். இருந்தும் ஒரு ஹேர்பேண்டை அந்தக் கண்ணோடு நான் பார்த்ததே இல்லை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கு மலேசியாவில் 2009ஆம் ஆண்டின் பாதுகாப்புத் தர விதிமுறை இருக்கிறது. தரத்துக்கு ஏற்றது என்று காட்டும் எம்சி குறி இல்லாமல் விற்க முடியாது. கிளிப் விளையாட்டுப் பொருள் இல்லையே, நமக்கு எதற்கு இதெல்லாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நம் பொருள்களுக்கும் பொருந்தும். தனித் தரம் வகுக்காத பொருளாக இருந்தாலும், நியாயமான ஒரு பயனீட்டாளர் எதிர்பார்க்கும் அளவு பாதுகாப்பு அதில் இருக்க வேண்டும். அதே சட்டத்தின் பத்தாம் பகுதி, குறையுள்ள பொருளால் ஒருவருக்குக் காயம் பட்டால் செய்தவர்தான் பொறுப்பு என்கிறது. வெளிநாட்டிலிருந்து தருவித்தாலும், அடுத்தவர் செய்ததில் நம் பெயரை ஒட்டி விற்றாலும் அப்படியே. வியாபாரப் பதிவு செய்யும் மலேசிய ஆணையமான எஸ்எஸ்எம்மில் வருடம் 60 வெள்ளி (ரிங்கிட்) கட்டி நம் கடைப்பெயரைப் பதிந்துகொள்கிறோம். அந்தப் பெயரோடு இந்தப் பொறுப்பும் சேர்ந்துதான் வருகிறது.

ஆகவே நமக்குக் கட்டாயம் இல்லாவிட்டாலும் விளையாட்டுப் பொருளுக்கான அனைத்துலகத் தரமான ஐஎஸ்ஓ 8124இன் சோதனையையே வீட்டில் செய்து பார்க்க ஆரம்பித்தேன். முதலாவது, சின்னப் பாகங்களுக்கான உருளை. உள் அகலம் 31.7 மில்லிமீட்டர், சரிவான அடிப்பகுதி, ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் பொருளிலிருந்து கழன்று வரும் எதுவும் அதற்குள் முழுசாக அடங்கக் கூடாது. உருளை கிடைக்காதவர்கள் டிஷ்யூ ரோலின் நடு அட்டைக்குள் போட்டுப் பாருங்கள். அது உருளையைவிடக் கொஞ்சம் அகலம் என்பதால் இன்னும் கண்டிப்பான சோதனை. இரண்டாவது, இழுப்பு. முத்து போன்ற பாகத்தை 70 நியூட்டன் விசையில் பத்து விநாடி இழுக்க வேண்டும். ஏறக்குறைய ஏழு கிலோ. ஏர்போர்ட் போகும்போது பெட்டி நிறுக்கிற கொக்கித் தராசு இருக்கிறதே, முத்தைச் சுற்றி நைலான் நூலால் சுருக்குப் போட்டு அந்தக் கொக்கியில் மாட்டி இழுக்கிறேன். என் பழைய பூக்களில் ஒன்றுகூட மூன்று கிலோவைத் தாண்டவில்லை. ஊசி நூலால் நான்கு சுற்று தைத்து, பின்னால் ஃபெல்ட் துணி வைத்து முடிச்சுப் போட்டது ஏழையும் தாண்டி நின்றது. ஒரு பூவுக்குப் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது. பிடிக்கட்டும். கைக்குழந்தைக்கு மட்டும் முத்தே வைப்பதில்லை, துணியிலேயே மொட்டு தைத்துவிடுகிறேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

கருகமணி, பிரிக்பீல்ட்ஸ்:

அக்கா, எனக்கு வந்தது பசைப் பிரச்சினை இல்லை, கம்பி. வாடிக்கையாளர் மகளுக்கு ஏழு வயது. காதுக்கு மேலே கிளிப் படுகிற இடத்தில் சரியாக ஒரு கோடு மாதிரி சிவந்து, தடித்து, அரிப்பு. படத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, ஏனென்றால் கவரிங் தோடு போட்டால் எனக்கும் இப்படித்தான் வரும். நிக்கல் அலர்ஜி.

நான் கிளிப்பை நூறு நூறாக, பெயர் போடாத பிளாஸ்டிக் பையில் வாங்குபவள். அதில் என்ன உலோகம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. டைமெத்தில்கிளையாக்ஸிம் என்ற சோதனைத் திரவம் ஆன்லைனில் கிடைக்கிறது. பஞ்சுக்குச்சியில் இரண்டு சொட்டு விட்டு, கிளிப்பின் பல்லில் அரை நிமிடம் தேய்த்தேன். முதல் பையில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் பஞ்சு மெதுவாக ரோஜா நிறமாகிக்கொண்டு வந்தது. சமையலறை மேசையில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையில் பாதி ஏற்கெனவே விற்றாகிவிட்டது.

தோலோடு நீண்ட நேரம் ஒட்டியிருக்கும் பொருளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டரில் வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. அந்த அளவை வீட்டில் அளக்க முடியாது. ஆனால் பஞ்சு சிவந்தால் அந்தப் பையை வேண்டாம் என்று தள்ளலாம் இல்லையா? இப்போது ஒவ்வொரு பையிலும் ஐந்து எடுத்துத் தேய்க்கிறேன். கிளிப்பின் மேல்பக்கம், உள்பக்கம் இரண்டுக்கும் ரிப்பன் சுற்றித் தைக்கிறேன். நம் வெக்கையில் வியர்வை பட்டுப் பட்டு முலாம் சீக்கிரம் தேயும், இன்றைக்குத் தேறிய கிளிப் ஆறு மாதம் கழித்துத் தேறும் என்று நம்பிவிட முடியாது.

கைத்தறி, செந்தூல்:

வீட்டில் மனைவி தைக்கிறார், கணக்கும் பார்சலும் நான். அமெரிக்காவில் இருக்கும் அண்ணி அங்கே விற்க அறுபது கிளிப் அனுப்பச் சொன்னார். சந்தோஷமாக ஒப்புக்கொண்டோம். பிறகு அவரே தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, இதற்கு டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கிறதா?"

அங்கே 2008இல் வந்த சட்டப்படி, 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கென்று செய்த எதிலும் ஈயம் 100 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 100 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது. பூசிய பெயிண்டில் 90. விளையாட்டுப் பொருளா, தலைக்கு மாட்டுவதா என்ற பேதமே இல்லை. அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் சோதித்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து போகும் சரக்குக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியவர் அங்கே இறக்குமதி செய்பவர். அதாவது எங்கள் கிளிப்புக்கு அண்ணி கையெழுத்துப் போட வேண்டும். இது தெரிந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நல்லவேளை, ஒரு வழி இருந்தது. துணி, நூல் போன்றவற்றில் ஈயம் வர வாய்ப்பில்லை என்று ஏற்கெனவே தீர்மானித்து, அவற்றுக்கு ஈயச் சோதனையிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெயிண்ட் அடித்த கிளிப், பளபளக்கும் உலோகப் பட்டாம்பூச்சி இதெல்லாம் அந்த விலக்கில் வராது. கிளிப்பை விட்டுவிட்டு, சுங்குடித் துணியில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த முடிப்பட்டை மட்டும் அனுப்பினோம். செய்தவர் பெயர், ஊர், தேதி, தொகுப்பு எண் எல்லாம் பொருளிலேயே நிலையாக இருக்க வேண்டும் என்பதால், துணி நாடாவில் அச்சடித்து உள்தையலில் வைத்துத் தைத்தார் மனைவி. கிளிப் விற்றிருந்தால் கூடுதலாக வந்திருக்கும். அண்ணியை மாட்டிவிட்டுச் சம்பாதிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

தடிக்கா டீச்சர், புக்கிட் மெர்தாஜாம்:

நான் விற்பவள் இல்லை, தடிக்காவில், அதாவது பாலர் பள்ளியில், பிள்ளைகளோடு இருப்பவள். லைட் எரியும் கிளிப் செய்யும் எண்ணம் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து வேண்டாம். எங்கள் தீபாவளி விழாவில் ஒரு பிள்ளையின் கிளிப் உடைந்து பட்டன் பேட்டரிகள் உருண்டன. மூன்றில் இரண்டுதான் கையில் கிடைத்தன. பதினெட்டுப் பிள்ளைகளையும் உட்கார வைத்து ஒவ்வொருவர் வாயையும் பார்த்தோம். கடைசியில் பாய்க்கு அடியில் கிடந்தது. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தசையைக் கடுமையாகச் சுட்டுப் புண்ணாக்கிவிடும் பொருள் அது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூனிலிருந்து, பேட்டரி இருக்கும் அறையைப் பிள்ளை திறக்க முடியாதபடி செய்தாக வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறார்கள். குளூ கன்னோடு உட்கார்ந்து நாம் அப்படிச் செய்ய முடியாது.

கருகமணி, பிரிக்பீல்ட்ஸ்:

ரிப்பன்பெட்டி அக்கா, ஒரு கேள்வி. "மூன்று வயதுக்குக் கீழே ஏற்றதல்ல" என்று அட்டையில் போட்டுவிட்டால் நமக்குப் போதாதா?

ரிப்பன்பெட்டி, பட்டர்வொர்த்:

போதாது, தங்கச்சி. 38 சென்டிமீட்டர் சுற்றளவில் ஹேர்பேண்ட் செய்துவிட்டு மூன்று வயதுக்கு மேல் என்று எழுதினால் யார் ஒத்துக்கொள்வார்கள்? அளவைப் பார்த்தாலே கைக்குழந்தைக்கு என்று தெரியும். நான் அட்டையில் எழுதுவது வேறு: "தூங்கும்போது, பிள்ளையைக் காடி சீட்டில் உட்கார வைக்கும்போது கழற்றிவிடுங்கள்." பட்டை கீழே இறங்கினால் மூக்கு, வாய், கழுத்து என்று எங்கே போய் மாட்டும் என்று சொல்ல முடியாது. மேசைக்கு வரும் ஒவ்வொரு அம்மாவிடமும் வாயாலும் சொல்கிறேன். ஒரு பாட்டி, "இவ்வளவு பயமுறுத்திட்டு எதுக்கு விக்கிற?" என்று கேட்டார். பிறகு இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.

செந்தூல் தம்பி சொன்ன தொகுப்பு எண் அமெரிக்காவுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அந்த முத்து வைத்த மாதிரியில் இருபத்து மூன்று விற்றிருந்தேன். எண் போட்டிருந்தால் ஒரே நாளில் தேடி முடித்திருப்பேன். வாட்ஸ்அப்பையும் பழைய ரசீதுகளையும் புரட்டி, ஐந்து வாரத்தில் இருபது பேரைப் பிடித்தேன். பணத்தையோ புது ஹேர்பேண்டையோ கொடுத்துத் திரும்ப வாங்கினேன். மூன்று பேர் மேசையில் ரொக்கம் கொடுத்து வாங்கியவர்கள், யார் என்றே தெரியவில்லை.

போன தீபாவளிக்கு லெபோ பாசாரில் கிளிப்பச்சை சாட்டின் பூ, நடுவில் ஒரே வெள்ளை முத்து, வெள்ளை எலாஸ்டிக். உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இருந்தால் முதலில் முத்தைக் கத்தரித்து எறிந்துவிடுங்கள். அப்புறம் இங்கே ஒரு வரி எழுதுங்கள். முத்து இல்லாமல் தைத்த புதியதை நானே கொண்டுவந்து தருகிறேன்.