குரோம் ஹிஸ்டரி அழித்தும் திரும்ப வருகிறது, அழித்த பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ரெக்கவரியில் கிடைக்கிறது: உதவி தேவை

கானாடுகாத்தான்_முகப்பு:

வணக்கம். வீட்டில் அப்பச்சிக்குச் சாந்திக் கல்யாணம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் ஊர் திரும்பியாச்சு. கல் சுவரைத் தாண்டி வளவுக்குள் வைஃபை எட்டாது. அதனால் பல்லவன் ரயில் டிக்கெட் பிரிண்ட், மெயில், நெட் பேங்கிங் எல்லாமே முகப்பு அறைக் கம்ப்யூட்டரில்தான் நடந்தது. அவர்களுடைய தடயம் ஒன்றுகூட இதில் மிஞ்சக் கூடாது.

விண்டோஸ் 10. சி டிரைவ் 240 ஜிபி எஸ்எஸ்டி. டி டிரைவ் 500 ஜிபி பழைய ஹார்ட் டிஸ்க், அதில் 300 ஜிபி காலி. டவுன்லோடு ஃபோல்டரும் டாலி கணக்கு மென்பொருளின் டேட்டாவும் டி-யில் இருக்கின்றன. டாலி போகக் கூடாது, ஆகவே ஃபார்மேட் செய்ய வழியில்லை.

குரோமில் ஹிஸ்டரி மொத்தமும் அழித்தேன். மறுநாள் இங்கே யாருமே திறக்காத சிங்கப்பூர் தளங்கள் ஹிஸ்டரியில் நிற்கின்றன. ரீசைக்கிள் பின் காலி செய்த பிறகு, அழித்த ஃபைலை மீட்கும் ரெக்குவா மென்பொருள் போட்டுப் பார்த்தால் இரண்டு டிரைவிலும் அழித்த பிடிஎஃப் பெயர்கள் வருகின்றன. டி-யில் உள்ளவை முழுசாகத் திறக்கின்றன, சி-யில் உள்ளவை திறக்கவில்லை. ஏன் இப்படி?

தேவகோட்டை_சிஸ்டம்ஸ்:

முதல் கேள்விக்குப் பதில், சிங்க். குரோமின் வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தை அழுத்திப் பாருங்கள். யாரோ ஒருவருடைய கூகுள் கணக்கு இன்னும் உள்ளே இருக்கும். அவர் அங்கே போனில் பார்ப்பது இங்கே இறங்குகிறது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் அழுத்தி இனிமேல் எதையும் அழிக்காதீர்கள். சிங்க் ஓடும்போது அழித்தால் அது அவருடைய கணக்கிலிருந்தும் போகும். பாஸ்வேர்டு கட்டத்தையும் டிக் செய்திருந்தால் அவர் போனில் சேமித்த பாஸ்வேர்டும் சேர்ந்து காலியாகும். விருந்தாளி சாமானைப் பாதுகாக்கப் போய் நாமே தொலைத்த கதையாகிவிடும்.

செய்ய வேண்டியது புரொஃபைலையே நீக்குவது. அதே வட்டத்தில் புதுப் புரொஃபைல் ஒன்றைக் கணக்கு எதுவும் சேர்க்காமல் உருவாக்குங்கள். உங்கள் புக்மார்க் பழையதில் இருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ அழுத்தி, வரும் பக்கத்தின் மூன்று புள்ளியில் எக்ஸ்போர்ட் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு புரொஃபைல் பட்டியலில் பழையதன் மூன்று புள்ளியை அழுத்தி டெலீட். ஹிஸ்டரி, குக்கி, கேஷ், ஆட்டோஃபில் எல்லாம் இந்த மெஷினிலிருந்து போகும், அவர் கணக்கில் இருப்பது அப்படியே நிற்கும்.

எட்ஜையும் திறந்து பாருங்கள். பிடிஎஃப் பெரும்பாலும் அதில்தான் திறக்கும், பலர் அங்கேயும் லாகின் செய்திருப்பார்கள்.

கானாடுகாத்தான்_முகப்பு:

ஆமாம் அண்ணே, அயித்தான் கணக்கு உள்ளேயே இருந்தது. சிங்க் ஆன். எங்கள் வீட்டுக் கரண்ட் பில், பேங்க் பாஸ்வேர்டெல்லாம் அதே புரொஃபைலில்தான் சேமித்திருந்தேன்.

தேவகோட்டை_சிஸ்டம்ஸ்:

அப்படியானால் தடயம் இரண்டு பக்கமும் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள புரொஃபைலில் ஒருவர் சிங்க் ஆன் செய்தால் அதில் இருந்த பாஸ்வேர்டும் புக்மார்க்கும் அவர் கணக்கோடு கலந்துவிடும். அயித்தானிடம் சொல்லி கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரில் உங்கள் வீட்டு வரிகளை அழிக்கச் சொல்லுங்கள். பேங்க் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அவர் தன் கூகுள் கணக்கில் செக்யூரிட்டி, யுவர் டிவைசஸ் போய் இந்தக் கம்ப்யூட்டரை சைன் அவுட் செய்யட்டும். வாட்ஸ்அப் வெப் திறந்தவர்கள் அவரவர் போனில் லிங்க்டு டிவைசஸ் பட்டியலைப் பார்த்தால் போதும்.

செக்காலை_ஹார்ட்வேர்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

ஃபைலை அழித்தால் விண்டோஸ் அதன் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை, “இந்த இடம் காலி” என்று பட்டியலில் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்கில் வேறு ஃபைல் மேலே எழுதப்படும்வரை பழையது முழுசாகக் கிடக்கும். உங்கள் டி-யில் நடப்பது அது. எஸ்எஸ்டி-யில் கதை வேறு. அழித்தவுடன் விண்டோஸ் டிரிம் கட்டளை அனுப்பும், எஸ்எஸ்டி அந்த இடத்தைத் தானே துடைத்துவிடும். பெயர் மட்டும் டிரைவின் ஃபைல் பட்டியலில் மிஞ்சுகிறது. திறந்தால் வெறும் பூஜ்ஜியம்.

ஆகவே சி-க்கு மேலெழுதும் மென்பொருள் எதுவும் ஓட்டாதீர்கள். எஸ்எஸ்டி தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றி எழுதும், நீங்கள் நினைத்த இடத்தில் எழுத்து விழாது, தேய்மானம்தான் மிச்சம். ஸ்டார்ட்டில் “டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்” தேடித் திறந்து, சி-க்கு நேரே சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று இருக்கிறதா பார்த்து, ஆப்டிமைஸ் அழுத்துங்கள். மொத்தக் காலி இடத்துக்கும் மறுபடி டிரிம் போகும். புரொஃபைலை நீக்கி, ரீசைக்கிள் பின் காலி செய்த பிறகே இது.

டி-க்கு, காலி இடத்தின் மேல் எழுதித் துடைக்கும் சைஃபர் கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. முதலில் டாலியில் ஆல்ட், ஒய் அழுத்தி பேக்கப் எடுத்து பென் டிரைவில் போட்டு, அந்தப் பென் டிரைவைக் கழற்றி வையுங்கள். டவுன்லோடு ஃபோல்டரில் வேண்டாததை அழியுங்கள், ஏனென்றால் சைஃபர் காலி இடத்தை மட்டுமே துடைக்கும், இருக்கும் ஃபைலைத் தொடாது. டாலியும் அப்படியே இருக்கும்.

கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஆங்கிலத்தில் சைஃபர் என்று அடித்து, ஒரு ஸ்பேஸ், முன்சாய்கோடு, டபிள்யூ, கோலன், டி, மறுபடி கோலன், என்டர். பூஜ்ஜியம் ஒரு சுற்று, 255 ஒரு சுற்று, தாறுமாறான எண் ஒரு சுற்று என மூன்று முறை எழுதும். 300 ஜிபி காலி என்றால் 900 ஜிபி எழுத்து. விநாடிக்கு 100 எம்பி வேகமுள்ள டிஸ்க்குக்கு இரண்டரை மணி நேரம், பழசென்றால் நான்கும் ஆகலாம். 35 முறை எழுத வேண்டும் என்று சிலர் சொல்வது 1996-இல் வந்த கட்மேன் கட்டுரையை வைத்து. அது அந்தக் காலத்து டிஸ்க்குகளுக்கு. இப்போதைய டிஸ்க்குக்கு ஒரு சுற்றே போதும்.

நம் பக்கம் கரண்ட் கட் ஆகாத நேரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள். பாதியில் நின்றால் டி டிரைவ் நிறைந்துபோனதாகக் காட்டும். சைஃபர் காலி இடம் முழுக்க ஒரு தற்காலிக ஃபைலை நிரப்பித்தான் வேலை செய்கிறது, முடிந்ததும் அதுவே அழிக்கும். நின்றுபோனால் டி-யில் இ, எஃப், எஸ் என்று தொடங்கும் ஃபோல்டர் ஒன்று மறைந்து நிற்கும். அதை நீங்களே அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள். டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது.

பள்ளத்தூர்_நெட்:

மூன்று இடம் விட்டுப்போச்சு.

ஒன்று, பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்துவைக்கும் ரெஸ்டோர் பாயின்ட். சி-யில் இருந்த ஃபைல்களின் பழைய நகல் அதற்குள் இருக்கலாம். கன்ட்ரோல் பேனல், சிஸ்டம், சிஸ்டம் புரொடெக்ஷன், கான்ஃபிகர், டெலீட். செக்காலை அண்ணன் சொன்ன ஆப்டிமைஸுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது பிரிண்டர். டிக்கெட் பிரிண்ட் எடுத்ததாகச் சொன்னீர்கள். பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில் “கீப் பிரிண்டட் டாக்குமென்ட்ஸ்” டிக் ஆகியிருந்தால் எடுத்த ஒவ்வொரு தாளும் க்யூவிலேயே கிடக்கும். யார் வேண்டுமானாலும் மறுபடி பிரிண்ட் போடலாம். டிக்கை எடுத்து க்யூவைக் காலி செய்யுங்கள். பாதியில் சிக்கிய பிரிண்டும் அங்கேதான் நிற்கும்.

விண்டோஸ், வி சேர்த்து அழுத்திப் பாருங்கள். கிளிப்போர்டு ஹிஸ்டரி ஆன் என்றால் காப்பி செய்த அக்கவுன்ட் நம்பர் அங்கே இருக்கலாம், கிளியர் ஆல் கொடுங்கள். கடைசியாக ஷட் டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் ஷட் டவுன் முழுமையான நிறுத்தமில்லை.

மெமரியில் இருப்பதை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதிவைக்கும் பேஜ் ஃபைல், ஹைபர்னேட் ஃபைல் வரை போக வேண்டியதில்லை. மெஷினை வெளியாளுக்கு விற்றால்தான் அந்தக் கவலை.

கானாடுகாத்தான்_முகப்பு:

எல்லாம் செய்தேன். பிரிண்டர் க்யூவில் 14 டாக்குமென்ட் கிடந்தன, இரண்டு ஸ்டேட்மென்ட் உட்பட. சைஃபர் மூன்றே கால் மணி நேரம் ஓடியது, டாலி சரியாகத் திறக்கிறது. சிங்கப்பூர் தளங்கள் வருவதும் நின்றது. இப்போது டி-யிலும் பிடிஎஃப் எதுவும் திறக்கவில்லை. ஆனால் ரெக்குவாவில் பெயர்கள் இன்னும் தெரிகின்றன. ஒரு பெயரில் அக்கவுன்ட் நம்பரே இருக்கிறது.

செக்காலை_ஹார்ட்வேர்:

சைஃபர் பெயர்ப் பட்டியலைத் தொடாது, அதனால்தான். சிகிளீனர் என்ற துப்புரவு மென்பொருளின் செட்டிங்ஸில் “வைப் எம்எஃப்டி ஃப்ரீ ஸ்பேஸ்” என்றிருந்தால் (எம்எஃப்டி என்பது அந்தப் பெயர்ப் பட்டியல்தான்), அதை டிக் செய்து ஒருமுறை ஓட்டினால் பழைய பெயர்களின் மேல் வேறு எழுதும். கூடவே இருக்கும் காலி இட வைப்பை டிக் செய்ய வேண்டாம், டி-க்கு அது முடிந்த வேலை, சி-க்குத் தேவையில்லாத வேலை.

பள்ளத்தூர்_நெட்:

அடுத்த விசேஷத்துக்கு முன்னால் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ் போய் வந்தவர்களுக்கென்று தனி விண்டோஸ் கணக்கு ஒன்று திறங்கள். ஸ்டாண்டர்டு யூசராக இருக்கட்டும், அட்மின் வேண்டாம். டாலி ஃபோல்டரில் அந்தக் கணக்குக்கு அனுமதி எடுத்துவிடுங்கள். எல்லோரும் கிளம்பியதும் ரிமூவ் அழுத்தி, டெலீட் அக்கவுன்ட் அண்ட் டேட்டா. குரோமின் கெஸ்ட் விண்டோவும் நல்லதுதான், மூடியதும் ஹிஸ்டரியும் குக்கியும் போகும், ஆனால் டவுன்லோடு செய்த ஃபைல் போகாது. உங்களுக்கு வந்த பிரச்சினையே டவுன்லோடில்தானே.

இன்னொன்று, விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராமல் இருந்தால் இந்தக் கம்ப்யூட்டரில் யாரையும் நெட் பேங்கிங் செய்ய விடாதீர்கள்.