அரியமான் மணலில் கூடாரம் நிற்க மாட்டேன் என்கிறது

தனுஷ்கோடியில் இரவு தங்க விடமாட்டார்கள் என்பதால், உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரையில் ஒரு விடுதியின் கூடார இடத்துக்கு நேற்று வந்தோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். நாலு பேர் கூடாரம், 7 அங்குல இரும்பு முளை. அறைகள் காலியில்லை.

ராத்திரி 11 மணிக்குக் கச்சான் காற்று வலுத்ததும் முளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டது. சின்னவள் கண்ணெல்லாம் மணல், அழுதுகொண்டே தூங்கினாள். முளையைச் சாய்த்து அடித்தேன், மணலை நனைத்துப் பார்த்தேன், பயனில்லை. அப்புறம் சாக்கில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டினேன். அதுவும் விடியும் முன் இழுபட்டுவிட்டது.

பனைமட்டையைக் குறுக்கே புதைத்துக் கட்டச் சொல்கிறார் இங்குள்ள மீனவப் பெரியவர். இன்னும் இரண்டு இரவு இருக்கிறோம். இப்படிக் கட்டியவர்கள் சொல்லுங்கள்: இந்த உலர்மணலில் எத்தனை அடி ஆழத்தில் புதைத்தால் தாங்கும்?