புதுப்பிப்பு: அமேசான் புரோகிராம் மேனேஜர் நேர்காணல் – வேலை கிடைத்துவிட்டது

எட்டு வருடம் மென்பொருள் டெஸ்டிங் லீடாக இருந்துவிட்டு, அமேசானில் புரோகிராம் மேனேஜர் (பல திட்டங்களை ஒருங்கிணைத்து நடத்துபவர்) நேர்காணலுக்கு எப்படித் தயாராவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். நேற்று ஆஃபர் லெட்டர் வந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, "கதைகளை எழுதி வை தம்பி" என்று ஒரு அக்கா சொன்ன யோசனைதான். அமேசான் தன் ஊழியர்களிடம் எதிர்பார்க்கும் தலைமைப் பண்புகள் (Leadership Principles) 16 (பழைய கட்டுரைகளில் 14 என்றிருக்கும்; 2021-இல் இரண்டைச் சேர்த்தார்கள்). ஒவ்வொன்றுக்கும் என் வேலையில் நடந்த ஒரு சம்பவத்தை நோட்டில் எழுதினேன்: சூழ்நிலை, என் பொறுப்பு, நான் செய்தது, விளைவு. முதலில் எழுதியதில் எங்கு பார்த்தாலும் "நாங்கள்". சிவப்புப் பேனாவால் அடித்து "நான்" என்று மாற்றும்போதுதான் சில கதைகளில் என் பங்கே இல்லை என்று தெரிந்தது. அவற்றைத் தூக்கிவிட்டேன்.

ஒரே நாளில் ஐந்து சுற்று. பார் ரெய்சர், அதாவது ஆள் எடுக்கும் குழுவைச் சேராத நேர்காணலர், யார் என்று சொல்லவில்லை. நாலாவது சுற்றில் வந்தவராகத்தான் இருக்க வேண்டும். ரிலீஸ் தள்ளிப்போன ஒரே கதையை 20 நிமிடம் தோண்டினார். "தள்ளிப்போகும்னு உங்களுக்கு எந்தத் தேதியில தெரிஞ்சுது? முதல்ல யார்கிட்ட சொன்னீங்க?" தேதியும் எண்ணும் நினைவில் இல்லாத கதையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

நான் எதிர்பார்க்காதது: ராத்திரி ராத்திரியாகப் படித்த கான்ட் சார்ட் (திட்டத்தின் கால அட்டவணை வரைபடம்), ஜிரா (வேலைகளைக் கண்காணிக்கும் மென்பொருள்) பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. முடிவு ஐந்தாவது வேலைநாளில் தெரிந்தது.