42.31 ஆ, 55.89 ஆ? எங்கள் எதிர்வுகூறல் சந்தையில் தீராமல் கிடக்கும் ஒரு பிணக்கு

கேட்டவர்: திருநெல்வேலிச் சந்தி

வணக்கம். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இருந்து எழுதுகிறேன். மென்பொருள் எழுதுவது என் தொழில்.

2024 ஓகஸ்டில் நண்பர்கள் 14 பேர் சேர்ந்து ஒரு சிறிய எதிர்வுகூறல் சந்தை, அதாவது ஒன்று நடக்குமா நடக்காதா என்று பந்தயம் வைக்கும் சந்தை, நடத்தினோம். பாதிப் பேர் ஊரில், மீதிப் பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும். காசு கிடையாது. எதீரியம் என்ற பிளொக்செயினின் செப்போலியா சோதனை வலையமைப்பில் ஒப்பந்தத்தை (சந்தையின் விதிகளைத் தானே நிறைவேற்றும் நிரலை) எழுதி, ஆளுக்கு 1,000 டோக்கன் கொடுத்தேன். முதலில் கிரிக்கெட், மழை என்று சில கேள்விகள் போட்டோம். ஒரு சிக்கலும் வரவில்லை. பிறகு ஜனாதிபதித் தேர்தல் வந்தது. நான் எழுதிய கேள்வியைச் சொல்லுக்குச் சொல் தருகிறேன்:

"வெற்றி பெறும் வேட்பாளர் 50 வீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறுவாரா? ஆம் / இல்லை. ஆதாரம்: தேர்தல்கள் ஆணைக்குழுவின் இறுதி முடிவு."

செப்டெம்பர் 21 வாக்களிப்பு. மறுநாள் ஞாயிறு நண்பகல் வரை ஊரடங்கு. எல்லோரும் வீட்டில் இருந்து முடிவுகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76 வீதம். ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை. இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக விருப்பு வாக்குகளை, அதாவது மற்ற வேட்பாளர்களுக்கு வாக்களித்தவர்கள் முதல் இருவரில் ஒருவருக்கு அடுத்த தெரிவாக இட்ட வாக்குகளை, எண்ண வேண்டி வந்தது. மாலையில் வந்த இறுதி முடிவில் அநுரவுக்கு 55.89 வீதம்.

அந்த நிமிடமே சண்டை தொடங்கிவிட்டது. "இறுதி முடிவு என்றுதானே எழுதியிருக்கிறாய், ஆகவே ஆம்" என்றது ஒரு பக்கம். "விருப்பு வாக்கு எண்ணினார்கள் என்பதே ஒருவரும் பாதி எடுக்கவில்லை என்பதற்குச் சாட்சி, ஆகவே இல்லை" என்றது மறுபக்கம்.

பிணக்குத் தீர்க்கும் முறையை நான் பாலிமார்க்கெட் என்ற பெரிய எதிர்வுகூறல் சந்தை பயன்படுத்தும் யூமா என்ற தீர்ப்பு முறையைப் பார்த்து எழுதியிருந்தேன். ஒருவர் பிணை வைத்து விடை சொல்வார். யாராவது மறுத்தால் டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களிப்பார்கள். டோக்கனுக்கு ஏற்ற எடை. ஆம் 7,350, இல்லை 5,200. மீதி 1,450 வாக்களிக்கவில்லை. ஆட்கணக்கில் பார்த்தால் ஆம் 5 பேர், இல்லை 7 பேர். ரொறன்ரோவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன் முந்தைய கேள்விகளில் வென்று தனியே 4,100 வைத்திருந்தார். அவர் பந்தயம் வைத்ததும் ஆம், வாக்களித்ததும் ஆம். அண்ணா நேர்மையானவர். ஆனால் அவருடைய வாக்கு நேர்மையில் விழுந்ததா, பந்தயத்தில் விழுந்ததா என்று வெளியில் நிற்கும் எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. என் ஒப்பந்தம்தான் அவரை அந்த இடத்தில் நிறுத்தியது.

கோப்பாயில் கணிதம் படிப்பிக்கும் என் நண்பன் தோற்ற பக்கம். ஆறாம் வகுப்பில் இருந்து கூடப் படித்தவன். "பங்கு வைத்திருப்பவனே தீர்ப்பும் சொல்வதென்றால் என்னை ஏன் கூப்பிட்டாய்?" என்று ஒரு செய்தி அனுப்பினான். அதன் பிறகு மாலையில் நல்லூரடிக்கு வருவதை நிறுத்திவிட்டான். டோக்கனுக்கு மதிப்பில்லை. அவன் வராதது எனக்குப் பெரிய இழப்பு.

இப்போது மற்றவர்கள் புதிய கேள்வி கேட்கிறார்கள்: வட மாகாண சபைக்குத் தேர்தல் நடக்குமா? பழைய பிணக்கைச் சரியாகத் தீர்க்காமல் இதைத் தொடங்க எனக்கு மனமில்லை. அன்றைய சரியான விடை எது? இனி யார் தீர்க்க வேண்டும்?

மறுமொழி 1: ரொறன்ரோ வாசகன்

தம்பி, முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்களிடம் இரண்டு எண் அல்ல, மூன்று எண் இருக்கிறது. முதல் எண்ணிக்கையில் அநுரவுக்கு 5,634,915 வாக்கு. விருப்பு வாக்குகளால் கூடியது 105,264 மட்டுமே, மொத்தம் 5,740,179. அது 55.89 வீதமானது எப்படி? மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்து இந்த இருவருக்கும் மாறாத வாக்குகளை வகுக்கும் தொகையில் இருந்து எடுத்துவிட்டு, எஞ்சிய இருவரின் கூட்டுத்தொகையான 10,271,081 ஆல் வகுத்திருக்கிறார்கள். செல்லுபடியான வாக்குகள் எல்லாவற்றாலும் வகுத்தால் அதே இறுதி எண் ஏறக்குறைய 43.1 வீதம்தான். உங்கள் கேள்வி எதால் வகுப்பது என்று சொல்லவில்லை. அதனால் "இறுதி முடிவு" என்ற சொல் இருந்தும் கேள்வி திறந்தே கிடந்தது. என் கருத்தில் சரியான விடை "செல்லாது".

இது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. ஆகர் என்ற எதிர்வுகூறல் சந்தைத் தளத்தில் 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்குப் பின் கீழவை எந்தக் கட்சியின் கட்டுப்பாட்டில் இருக்கும் என்று ஒரு சந்தை. அது முடியும் திகதி டிசம்பர் 10. தேர்தலில் வென்றது ஜனநாயகக் கட்சி. புதிய அவை கூடியதோ ஜனவரி 3. டிசம்பர் 10 அன்று அவை குடியரசுக் கட்சியின் கையில்தான் இருந்தது. ஊர் அறிந்த முடிவு ஒன்று, எழுத்து சொன்ன முடிவு வேறொன்று. ஆகரின் இரண்டாம் பதிப்பில் "செல்லாது" என்பதையே வாங்கி விற்கக்கூடிய ஒரு விடையாக ஆக்கினார்கள். கேள்வி மோசமாக இருந்தால் அந்தச் சந்தேகம் விலையிலேயே முன்கூட்டித் தெரியும். எனக்கு அது மிகவும் பிடித்த ஏற்பாடு.

டோக்கன் வாக்கெடுப்புக்கு அடிப்படையான எண்ணம் தோமஸ் ஷெல்லிங்கினுடையது. பேசிக்கொள்ளாத இருவர் நியூயோர்க்கில் சந்திக்க வேண்டுமென்றால் எங்கே போய் நிற்பார்கள் என்று கேட்டவர் அவர். யாழ்ப்பாண நகரில் என்றால் நான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்பேன். மற்றவரும் அங்கேதான் வருவார் என்று நம்புவதால் நிற்பேன். வாக்காளர்களும் அப்படி, எல்லோருக்கும் வெளிச்சமான உண்மையில் வந்து சேர்வார்கள் என்பதே எதிர்பார்ப்பு. மழை பெய்ததா என்ற கேள்விக்கு அது பொருந்தும். ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்ற கேள்வியில் அப்படி ஒரு கோபுரமே இல்லை. அங்கே பெரிய கை வைத்திருப்பவர் எங்கே நிற்கிறாரோ, அதுவே கோபுரம் ஆகிவிடும்.

2025 மார்ச்சில் பாலிமார்க்கெட்டில், அமெரிக்காவுடனான கனிம ஒப்பந்தத்துக்கு ஏப்ரலுக்கு முன் உக்ரைன் இணங்குமா என்ற சந்தை அப்படித்தான் போனது. அப்போது ஒப்பந்தம் கைச்சாத்தாகவே இல்லை. ஏப்ரல் 30 இல்தான் கைச்சாத்தானது. இருந்தும் மார்ச்சில் "ஆம்" என்று தீர்ந்தது. ஒரே ஆளிடம் மூன்று கணக்குகளில் 50 இலட்சம் யூமா டோக்கன், அந்த வாக்கெடுப்பில் கால் பங்கு, இருந்ததாகச் செய்திகள் வந்தன. பாலிமார்க்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதே வருடம் ஜூலைக்கு முன் உக்ரைன் ஜனாதிபதி செலென்ஸ்கி சூட் அணிவாரா என்ற சந்தையில் 20 கோடி டொலருக்கு மேல் கைமாறியது. ஜூன் மாத நேட்டோ மாநாட்டில் அவர் அணிந்திருந்த கறுப்பு மேற்சட்டை சூட்தானா என்று உலகமே வாதாடியது, முடிவு "இல்லை". சூட் என்றால் என்ன என்று கேள்வியில் வரையறை இல்லை.

மறுமொழி 2: வலிகாமத்து ஓய்வூதியர்

நான் கணினி அறியாதவன். ஆனால் மத்தியஸ்த சபையில் சில வருடங்கள் இருந்தவன், ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் முன் வந்த பிணக்குகளில் என் மனதில் நின்றவை வேலிப் பிணக்குகள். கதியால் பட்டுப்போக, புதுக் கதியால் நடும்போது ஒரு சாண் அந்தப் பக்கம் போகும். பத்து வருடத்தில் ஒரு முழம். காணி உறுதிப் பத்திரத்தில் "வடக்கே இன்னாரின் காணி" என்று இருக்குமே தவிர, எந்தக் கதியாலில் இருந்து என்று இருக்காது. உங்கள் 50 வீதமும் அந்த உறுதியைப் போலத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஒழுங்கையில் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டு, பரப்புக் கணக்குக்கு ஒரு வாக்கு என்று கேட்டால் பெரிய காணிக்காரன்தான் வெல்வான். நாங்கள் அப்படிச் செய்வதில்லை. குழாமில் இருந்து இந்தப் பக்கம் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்யும், அந்தப் பக்கம் ஒருவரைத் தெரிவு செய்யும், அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். தீர்ப்பும் சொல்வதில்லை. இணங்கினால் இணக்கச் சான்றிதழ், இல்லாவிட்டால் இணங்கவில்லை என்று ஒரு சான்றிதழ். தோற்றவர் என்று ஒருவர் எழுந்து போகாததால், மறுநாள் இருவரும் ஒரே கிணற்றடியில் நிற்கலாம். உங்கள் ஆசிரிய நண்பருக்குக் கிடைக்காமல் போனது அதுதான், மகன்.

மறுமொழி 3: கொக்குவில் மாணவி

ஐயா சொன்ன மூவர் முறைக்கு நெருங்கியது, பிளொக்செயினில் பிணக்குத் தீர்க்கும் கிளெரோஸ். டோக்கன் பிணை வைத்தவர்களில் இருந்து குலுக்கலில் மூவர் தெரிவாவார்கள். மேன்முறையீடு செய்தால் அடுத்த சுற்றில் ஏழு பேர், பிறகு பதினைந்து. ஆனால் அண்ணா, அங்கும் கூடுதலாகப் பிணை வைத்தவர் தெரிவாகும் வாய்ப்பு கூடுதல். 14 பேரில் குலுக்கினால் உங்கள் பெரியம்மாவின் மகன் அடிக்கடி வருவார். அந்தக் கேள்வியில் பந்தயம் வைத்த முகவரிகளைக் குலுக்கலுக்கு முன்பே நீக்கிவிடுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்.

ஒருவர் இரண்டு முகவரி வைத்திருந்தால் அந்த வரி பயன்படாது. பெரிய சந்தைகளால் இதைத் தடுக்க முடியவில்லை. உங்களுக்கு 14 பேரையும் முகம் தெரியும். அந்த வசதியைப் பயன்படுத்துங்கள்.

கேட்டவர்: திருநெல்வேலிச் சந்தி

மூவருக்கும் நன்றி. 43.1 என்ற எண்ணைப் பார்த்தவுடன் பேனாவை எடுத்து நானே வகுத்துப் பார்த்தேன். இத்தனை நாளும் நாங்கள் இரண்டு எண்களுக்காக அடிபட்டுக்கொண்டிருந்தோம். மூன்றாவது ஒன்று இருந்தது எவருக்கும் தெரியாது. அந்தச் சந்தையைச் "செல்லாது" என்று மாற்றி, வைத்தவர்களுக்கு வைத்ததைத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன். ரொறன்ரோ அண்ணாவிடம் நேற்றிரவு பேசினேன். "எனக்கும் அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது, தம்பி" என்றார்.

புதிய கேள்வியை இப்படி எழுதியிருக்கிறேன்:

"வட மாகாண சபை உறுப்பினர்களைத் தெரிவு செய்வதற்கான வாக்களிப்பு, மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும், குறித்த திகதி இலங்கை நேரம் நள்ளிரவுக்கு முன் நடந்து முடிந்திருக்குமா? வர்த்தமானி அறிவித்தலோ வேட்புமனுத் தாக்கலோ வாக்களிப்பு ஆகாது. தபால் வாக்களிப்பு மட்டும் நடந்திருந்தால் விடை 'இல்லை'. சில மாவட்டங்களில் மட்டும் நடந்திருந்தால் விடை 'செல்லாது'. ஆதாரம் தேர்தல்கள் ஆணைக்குழுவின் அறிவிப்பு மட்டுமே."

2013 செப்டெம்பரில் தெரிவான சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை. இவ்வளவு காலம் காத்திருந்த ஒன்றைப் பற்றிக் கேட்கும்போது "நடத்தல்" என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி இருக்க எனக்குத் துணிவில்லை. பிணக்கு வந்தால் பந்தயம் வைக்காத மூவர், ஐயா சொன்ன முறையில். மூவரும் இணங்காவிட்டால் "செல்லாது".

சந்தையைத் திறக்கும் முன், சனிக்கிழமை இந்தத் தாளை எடுத்துக்கொண்டு கோப்பாய்க்குப் போகிறேன். இதில் இன்னும் எங்கே ஓட்டை இருக்கிறது என்று முதலில் அவன் பார்த்துச் சொல்லட்டும். கொக்குவில் தங்கச்சி, அந்த ஒரு வரியை எழுதிவிட்டேன். நேரம் இருந்தால் நீங்களும் ஒருமுறை பாருங்கள்.