அப்பாவுக்கு கிட்னி மாற்று, ஜன்னலில் புறா: வழி சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு கிட்னி மாற்று சிகிச்சை முடிந்து பெரம்பூர் வீட்டுக்கு வந்துவிட்டார். டாக்ரோலிமஸ் மாத்திரை புதுக் கிட்னியைக் காக்கும், ஆனால் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். அதனால் வெளிச்சாப்பாடு, வெட்டி விற்கும் பழம் எல்லாம் நிறுத்தியாச்சு. கேன் தண்ணீரையும் காய்ச்சித்தான் தருகிறோம். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். சரி, இதெல்லாம் சமாளிக்கலாம்.

சிக்கல் புறாதான். அப்பா படுக்கும் அறை ஜன்னலுக்கு வெளியே, ஏசி பெட்டிக்குப் பின்னால் கூடு கட்டியிருக்கிறது. எச்சம் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்கிறது. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை அதில் இருக்கலாம்; மூச்சோடு நுரையீரலுக்குள் போய், இவரைப் போன்றவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரைக்கும் கொண்டுபோய்விடும்.

காய்ந்த எச்சத்தைப் பெருக்கக் கூடாது, நனைத்துத்தான் அள்ள வேண்டும் என்பது தெரியும். அன்றைக்கு அப்பாவைச் சித்தி வீட்டில் விட்டுவிடுவோம். மூன்றாவது மாடிக்கு வெளிப்பக்கமாக வந்து சுத்தம் செய்து வலையும் கட்டித்தரும் ஆள் வடசென்னையில் யாராவது தெரியுமா? அப்புறம், மேல்வீட்டு மாமி தினமும் மொட்டைமாடியில் புறாவுக்கு அரிசி போடுகிறார், புண்ணியமாம்! மனம் நோகாமல் அவரிடம் எப்படிச் சொல்வது? இதே நிலைமையைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.