"இரகசிய விசாரணை" என்பதற்கு மாற்றுச் சொல்

அன்புடையீர்,

வெளியாட்களை அனுப்பிவிட்டு நடத்தும் நீதிமன்ற அமர்வுக்கு "இரகசிய விசாரணை" என்பதே போதும் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. இரகசியம் என்றால் நடந்ததே வெளியில் தெரியக்கூடாது என்று பொருள்படும். நமது இலங்கை அரசியலமைப்பின் 106 ஆவது உறுப்புரை சொல்வது அதுவன்று. அமர்வுகள் பகிரங்கமாக நடக்க வேண்டும், எவரும் தாராளமாக வந்திருக்கலாம் என்பதே அங்கு பொதுவிதி. குடும்ப உறவு, பாலியல் விடயம், தேசிய பாதுகாப்பு, நீதிமன்ற வளவின் ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக, வழக்கோடு நேரடித் தொடர்பில்லாதவர்களை நீதிபதி தமது தற்றுணிபின்படி வெளியேற்றலாம் என்பது விலக்கு. வெளியேறுவது ஆட்கள்தான், வழக்கிலக்கமும் தவணையும் கட்டளையும் வழக்கேட்டில் அப்படியே இருக்கின்றன.

இங்கிலாந்தில் 1913 இல் தீர்க்கப்பட்ட ஸ்கொட் எதிர் ஸ்கொட் வழக்கும் இதற்குத் துணை நிற்கிறது. மூடிய அமர்வில் நடந்த திருமண வழக்கின் எழுத்துப்படியை மனைவி கணவரின் உறவினருக்கு அனுப்பியது நீதிமன்ற அவமதிப்பு எனக் கீழ் நீதிமன்றங்களில் கூறப்பட்டதை, அப்போது அங்கு இறுதி மேன்முறையீட்டு மன்றாக இருந்த பிரபுக்கள் சபை தள்ளுபடி செய்தது. கதவு மூடியிருந்தது என்பதால் உள்ளே பேசியதெல்லாம் என்றைக்கும் இரகசியமாகிவிடாது.

"அறை விசாரணை" என்ற மாற்று, இத்தகைய அமர்வைக் குறிக்கும் "in camera" (அறைக்குள்) என்ற இலத்தீன் தொடரை அப்படியே பெயர்ப்பது. மட்டக்களப்பில் ஒரு குடும்ப வழக்கு எடுக்கப்பட்டபோது, நீதிமன்றப் பொலிஸ் உத்தியோகத்தர் "சம்பந்தமில்லாத ஆக்கள் வெளியில போங்க" என்று சொல்ல, பின்வாங்குகளில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள்; நீதிபதி ஆசனத்திலிருந்து அசையவில்லை. எந்த அறைக்கும் யாரும் போகவில்லை.

என் முதல் விருப்பம் "அந்தரங்க அமர்வு". பகிரங்கம், அந்தரங்கம் இரண்டும் வெளி, உள் என்று பிறந்த இணைகள். ஆனால் இன்றைய வழக்கில் அந்தரங்கம் உடலையும் படுக்கையறையையும் நினைவூட்டுகிறது, பாலியல் வழக்கில் சாட்சி சொல்ல வரும் பிள்ளையின் மேல் நீதிமன்றமே அந்த நிழலை விழுத்துவது கொடுமை. எனவே கைவிட்டேன்.

அடுத்து "விலக்கமர்வு" என்று புணர்த்தினேன். எழுத்தில் அழகாகத்தான் இருந்தது. நீதிமன்றத்தில் பல வருடம் முகவராக அலைந்த பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், "யார மகன் விளக்கமறியல்ல போட்டது?" என்று கேட்டார்; வழக்கு முடியுமுன் ஒருவரை மறியலில் வைப்பதாக அவர் காதில் விழுந்திருக்கிறது. காதுக்குப் பிழைக்கும் சொல் மன்றில் செல்லாது.

இன்னொன்றைப் பிரித்தே வைக்க வேண்டும். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை இனங்காட்டும் விபரத்தை வெளியிடுவதைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவு தடுக்கிறது. கதவு திறந்திருந்தாலும் அந்தத் தடை உண்டு. அதற்கு "அடையாள வெளியீட்டுத் தடை" என்று நீட்டியே எழுதலாம்; இரண்டையும் "இரகசியத்தன்மை" என்ற ஒரே சாக்கில் கட்டுவதால்தான் செய்தி எழுதுபவர்கள் குழம்புகிறார்கள்.

ஆகவே "திறந்த மன்று" என்று ஏற்கெனவே புழங்குவதற்கு எதிராக "புறத்தார் நீங்கிய அமர்வு" என்று முன்வைக்கிறேன். அந்தப் பொலிஸ்காரர் சொன்னதையே கொஞ்சம் சீர்செய்திருக்கிறேன், அவ்வளவே. "புறத்தார்" என்பதில் நிருபர்களும் அடங்குவர் என்று வாசிப்பவருக்குத் தெரியுமா என்பதுதான் என் ஐயம். கல்முனை, அக்கரைப்பற்று நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பவர்கள் யாரேனும் இதை உரக்க வாசித்துப் பார்த்துச் சொன்னால் நல்லது.