ஆல்பர்ட் ஹாலில் வெர்டியின் ரெக்வியம்: எங்கே உட்காரலாம்?

கேள்வி: நெடுந்தீவான்

லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அடுத்த மாதம் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ரெக்வியம் (இறந்தோர் பூசையின் லத்தீன் வரிகளுக்கு அமைத்த இசை). அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். அவருக்கு 75 வயது தாண்டிவிட்டது, சிறுவயதில் லத்தீன் பூசை கேட்டு வளர்ந்தவர். நான் யூடியூபில் கேட்டதில் அந்த அதிரடியான ‘தியேஸ் ஈரே’ (‘சினத்தின் நாள்’) பகுதி மட்டும்தான் மனதில் நிற்கிறது. எந்தப் பக்கம் டிக்கெட் எடுப்பது? இடைவேளை விடுவார்களா? ஏதாவது படித்துவிட்டு வரவேண்டுமா?

பதில்: ஆல்ட்டோ வரிசை

இங்கே ஓர் அமெச்சூர் கொயரில் (பாடகர் குழுவில்) ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடுகிறேன், இந்த ரெக்வியத்தையும் பாடியிருக்கிறேன். முதலில் அம்மாவுக்கான விஷயம்: ஏறக்குறைய 90 நிமிடம், வழக்கமாக இடைவேளை இல்லாமல்தான் நடத்துவார்கள். வரிசையின் ஓரத்து இருக்கையாக எடுங்கள்.

மேடைக்குப் பக்கவாட்டில் வேண்டாம். நான்கு தனிப்பாடகர்களும் முன்னால் பார்த்துத்தான் பாடுவார்கள், பக்கத்தில் இருப்பவருக்குப் பித்தளை வாத்தியங்கள்தான் கேட்கும். மேடைக்கு நேர் எதிரே, கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்தால் பேஸ் டிரம் கண்ணில் படும். அதைக் கட்டாயம் பாருங்கள். தியேஸ் ஈரேயில் ஆர்க்கெஸ்ட்ரா ஓங்கி அடித்த பிறகு, தாளம் தப்பிய இடத்தில் அந்த டிரம் தனியாக விழும். அந்த அடி வறண்டு, கடுமையாக விழவேண்டும், அதற்காகத் தோலை நன்றாக இழுத்துக் கட்டவேண்டும் என்று வெர்டியே ஸ்கோரில் எழுதிவைத்திருக்கிறார். ஹெட்போனில் அது வெறும் ‘தும்’. அரங்கில் அடிவயிற்றில் இறங்கும்.

அப்புறம் ‘தூபா மீரும்’ என்ற பகுதி. மேடையில் நான்கு ட்ரம்பெட், மேடைக்கு வெளியே கண்ணுக்குப் படாமல் இன்னும் நான்கு. அரங்கின் வேறொரு மூலையிலிருந்து பதில் வரும்போது தலை தானாகத் திரும்பும்.

ஆனால் சத்தத்துக்காக மட்டும் வராதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இந்த இசையின் உயிர் மெல்லிய இடங்களில் இருக்கிறது, ரெக்கார்டிங்கில் முதலில் காணாமல் போவதும் அதுதான். தொடக்கத்தில் செல்லோ மட்டும், பிறகு கொயர் கிட்டத்தட்ட முணுமுணுப்பாக. ‘ஆக்னுஸ் தேயி’ பகுதியில் சோப்ரானோவும் (உச்சக் குரல் பாடகி) மெட்சோவும் (நடுக்குரல் பாடகி) வாத்தியமே இல்லாமல் ஒரே மெட்டை ஒரு ஸ்தாயி இடைவெளியில் பாடுவார்கள். ஒருவர் மயிரிழை விலகினாலும் தெரிந்துவிடும்.

கடைசிப் பகுதியான ‘லிபெரா மே’தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிது. அதன் வித்து வேறோர் இடத்தில் விழுந்தது. இசையமைப்பாளர் ரோஸினி 1868-இல் இறந்தபோது பல இசையமைப்பாளர்கள் சேர்ந்து ஒரு ரெக்வியம் எழுதினார்கள், வெர்டியின் பங்கு இந்த லிபெரா மே. அந்த நிகழ்ச்சி நடக்காமலே போனது. பிறகு, தான் மிகவும் மதித்த எழுத்தாளர் மன்சோனி 1873-இல் மறைந்ததும் அதைத் திருத்திச் சேர்த்து முழுமையான ரெக்வியமாக்கினார். மறைந்து ஓராண்டு நிறைந்த 1874 மே 22 அன்று மிலானின் சான் மார்கோ தேவாலயத்தில் வெர்டியே நடத்தினார். அடுத்த ஆண்டு மே மாதம் நீங்கள் போகப்போகும் இதே ஆல்பர்ட் ஹாலிலும் நடத்தினார்.

லிபெரா மேயின் நடுவில் ஆர்க்கெஸ்ட்ரா முழுக்க ஓய்ந்துவிடும். கொயரும் சோப்ரானோவும் மட்டும். களைத்த தொண்டையோடு சுருதி இறங்காமல் பிடிக்கவேண்டும், ஏனென்றால் வயலின்கள் திரும்ப நுழையும்போது உண்மை வெளிப்பட்டுவிடும். எங்கள் ஒத்திகைகளில் அதிக நேரம் போனது இந்தச் சில பக்கங்களுக்குத்தான். அதன் முடிவில் சோப்ரானோ மேலே ஏறி ஓர் உச்ச ஸ்வரத்தை ஊதினால் கலையும் அளவுக்கு மெல்லப் பிடிப்பார். அங்கே அம்மாவின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.

பதில்: பழைய கோயில்பற்று

அம்மாவுக்கு வரிகள் பழக்கமாகவே இருக்கும். தியேஸ் ஈரே அந்தக் காலத்தில் இறந்தோர் பூசையில் பாடியதுதான், கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்தைய சீர்திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். ஆனால் வெர்டி அந்தப் பழைய மெட்டைத் தொடவில்லை, சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டார். அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் தெரிந்த ராகத்தைத் தேடிக்கொண்டே இருப்பார். லத்தீன் வரிகளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுங்கள், அரங்கில் வெளிச்சம் குறைவாக இருக்கும்.

நெடுந்தீவான்

இருவருக்கும் நன்றி. அம்மாவிடம் சொன்னேன், முதல் நான்கு வரியை உடனே ஒப்பித்துவிட்டார்! இன்னொன்று, கைதட்டுவது எப்போது?

ஆல்ட்டோ வரிசை

நடுவில் எங்கேயும் வேண்டாம். முடிவு ஆர்ப்பாட்டமாக வராது, சோப்ரானோ தாழ்ந்த குரலில் ஒரே ஸ்வரத்தில் ஜெபம்போல் சொல்வார், கொயர் அதன் கீழே அடங்கும். கண்டக்டர் கையை முழுவதும் இறக்கும் வரை பொறுங்கள். அம்மாவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.